கேள்வி – பதில்: பால்மரமும் ஆலை ரப்பரும்

ரப்பரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஷீட் அடிப்பவர் (பால்மரம் எனும் ரப்பர் மரத்தின் பாலை உறையவைத்துத் தகடாக்குபவர்), லாரி வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர் என்று பல கைகளிலிருந்து வந்தவை. தோட்டத்துச் சிக்கலிலிருந்தே தொடங்குவோம்.

எங்கள் ஷீட்டில் குமிழ் குமிழாக விழுகிறது. சில ஷீட்டை இழுத்துப் பார்த்தால் துரு போலப் பழுப்புத் தூள் தெரிகிறது. கடையில் தரம் குறைத்துவிடுகிறார்கள். எங்கே தவறு? — குலசேகரம் வாசகர்

இவை இரண்டு தனித்தனிக் குறைகள். குமிழை முதலில் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் ஷீட் முழுக்கப் பரவியிருந்தால், உறையவைக்கும் ஆசிட்டை ஊற்றும் முன்பே பால் புளிக்கத் தொடங்கிவிட்டது. மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கழுவாமல் வைப்பதும், பாலை எடுக்கத் தாமதிப்பதும், காய்ந்து ஒட்டிய பழைய ஒட்டுப்பால் துணுக்கு விழுவதும்தான் இதற்குக் காரணம். ஆசிட் அளவு குறைந்தாலும் இப்படித்தான் ஆகும். குமிழ் பெரிதாகக் கொப்புளம் போல இருந்தால் கோளாறு பாலில் இல்லை, ஷீட்டைக் காயவைக்கும் புகை அறையின் சூட்டில் இருக்கிறது. ஈரம் போகும் முன்பே சூடு 60 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

அளவுகளைச் சரிபாருங்கள். பாலை 40 கண் சல்லடையிலும் பிறகு 60 கண் சல்லடையிலும் வடிகட்டுங்கள். பாலை உறையவைக்கும் தட்டான டிஷ் ஒன்றில் 4 லிட்டர் இருக்க வேண்டும், அதில் அரை கிலோ உலர் ரப்பர் இருக்க வேண்டும். பால் நடுத்தரக் கெட்டியாக இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பாலுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வரும். மழைக்காலத்துப் பாலுக்கு இதே கணக்கில் தண்ணீர் ஊற்றினால் ஷீட் மெலிந்து கிழியும். அதற்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

ஃபார்மிக் ஆசிட், மறுநாள் ஷீட் அடிப்பதானால் அந்த அரை கிலோவுக்கு ஒன்றேகால் மில்லி போதும். அன்றே அடிக்க வேண்டுமானால் 2 மில்லி. அதை ஒருபோதும் அப்படியே ஊற்றாதீர்கள். நூறு மடங்கு தண்ணீரில் கலந்து, ஊற்றியதும் நன்றாகக் கிளறி, மேலே வரும் நுரையை வழித்தெடுங்கள். விட்டுவைத்த நுரைதான் ஷீட்டின் முகத்தில் குழியாக நிற்கும். விலை மலிவு என்று சல்ஃபியூரிக் ஆசிட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஷீட்டில் தங்கி உலர்வதைத் தாமதப்படுத்தும், ரோலரையும் அரிக்கும். அந்த மிச்சம் மிச்சமே இல்லை.

துரு என்று நீங்கள் சொல்வது இரும்புத் துரு அன்று. ரப்பரைப் பிரித்த பின் எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கும். அது ஷீட்டின் மேல் காய்ந்து படலமாக, அதில் நுண்ணுயிர்கள் வளர்ந்தால் அந்தப் பழுப்புத் தூள் வரும். ஷீட்டை அடித்த கையோடு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் நீர் வடியவிட்டு, அன்றைக்கே புகையில் ஏற்றுங்கள். ஈர ஷீட்டை இரவு முழுக்கக் கொடியில் போட்டுவைத்தால் துரு வராமல் இருக்காது. புகை அறையில் முதல் நாள் 40 முதல் 45 டிகிரி, பிறகு படிப்படியாக 60 வரை. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஷீட் நான்கு நாளில் காய்ந்துவிடும்.

இந்தப் புகைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள், பனைவகைக் கொட்டைகளை எரித்து, அந்தப் புகையில் ஒரு துடுப்பைச் சுழற்றியபடியே பாலைப் படலம் படலமாக ஊற்றிப் பெரிய உருண்டையாக்குவார்கள். ஆசிட் இல்லாத காலத்தில் புகையே பாலை உறையவும் வைத்தது, பூஞ்சை பிடிக்காமலும் காத்தது. உங்கள் புகை அறை அதன் வழிவந்தது.

என் பாட்டி மலேசியாவின் பேராக்கில் பால்மரம் வெட்டியவர். நாள்தோறும் கத்தி படும் மரம் இத்தனை ஆண்டு எப்படி வாழ்கிறது? இந்த முறை யாருடையது? — கோலாகங்சார் வாசகி

ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளருடையது. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்றவர். அதற்கு முன் அமேசானில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி கட்டை வரை இறங்கும். புண் ஆறும்போது முண்டும் முடிச்சுமாகும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது.

ரிட்லி 1890-களில் கண்டது எளிமையானது: புதிதாக ஓரிடத்தைக் கொத்த வேண்டாம், பழைய வெட்டின் கீழ் விளிம்பிலேயே மெல்லிய சீவல் எடுத்தால் போதும். முதல் நாளைவிட அடுத்தடுத்த முறை பால் கூடுதலாக வந்தது. பட்டைக்குள் பால் நாளங்களில் அழுத்தத்தோடு நிற்கிறது. வெட்டியதும் பீறிட்டு வந்து, சில மணி நேரத்தில் நாளத்தின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடுத்த சீவல் அந்த அடைப்பை மட்டும் நீக்குகிறது.

உங்கள் பாட்டியின் கையில் இருந்த திறமை மில்லிமீட்டர் கணக்கு. பால் நாளங்கள் பட்டையின் உட்பகுதியில், கட்டையை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே, இரண்டையும் வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்கு 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். அதற்கு மேல் விட்டுவைத்தால் பால் குறையும், உள்ளே போனால் மரம் காயப்படும். நாளங்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை, மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்கின்றன. அதனால்தான் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஒட்டுக் கட்டி வளர்த்த மரத்தில் ஏறக்குறைய 30 டிகிரிச் சரிவில் போகிறது. அப்படி வெட்டும்போது கூடுதல் நாளங்கள் அறுபடும். விடியும் முன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் இறங்கிவிடும், பால் பிடிக்கும் மங்கு நிறையாது.

இருட்டில் நெற்றி விளக்கோடு, மரத்துக்கு மரம் இதே துல்லியத்தில் சீவிய கைகள் மிகப் பெரும்பாலும் தமிழ்க் கைகள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக ஆளெடுப்பது 1938-இல் இந்திய அரசு தடை செய்யும் வரை நடந்தது. ரிட்லியின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த முறையைப் பெரும் தொழிலாக்கியவர்களின் பெயர்கள் தோட்டத்துச் சம்பளப் பதிவேடுகளோடு போய்விட்டன. இதை எழுதாமல் அந்த வரலாற்றை எழுதுவது சரியாகாது.

உங்கள் ஊரிலேயே, 1877-இல் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்றும் வேலிக்குள் நிற்கிறது. வாய்ப்பிருந்தால் போய்ப் பாருங்கள்.

ரப்பர் விதையை ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து திருடினார்கள் என்று படித்தேன். உண்மையா? — மதுரை மாணவர்

1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் அமேசானின் துணையாறான தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 70,000 விதைகளைச் சேகரித்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். விதை ஏற்றுமதிக்குத் தடை விதித்த சட்டம் எதுவும் அன்று பிரேசிலில் இல்லை. கடத்தல் சாகசம் போல அதைச் சொன்னவர் பிற்காலத்து விக்கமேதான். ஆனால் சட்டம் இல்லை என்பதால் எல்லாம் நியாயமாகிவிடாது. ஒரு நாட்டின் வாழ்வாதாரமான மரம், அந்த நாட்டுக்குப் பங்கு எதுவும் இல்லாமல் வேறொரு பேரரசின் சொத்தானது. திருட்டு என்ற சொல் சட்டப்படி பொருந்தாவிட்டாலும், பிரேசில்காரர்களின் மனக்குறை பொய்யன்று.

உண்மையான சிக்கல் காவலர்களிடம் இல்லை, விதையில்தான் இருந்தது. ரப்பர் விதை எண்ணெய்ப் பசையுள்ளது. சில வாரங்களுக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடும். அந்த 70,000-இல் முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. அதிலிருந்து 1,900-க்கு மேற்பட்ட நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. ஆசியத் தோட்டங்களின் பெரும்பகுதி இந்தச் சிறு கூட்டத்தின் வாரிசு.

அழிப்பானுக்கும் ரப்பர் என்று பெயர், டயருக்கும் ரப்பர். எது முதல்? — திண்டுக்கல் வாசகர்

அழிப்பான். 1770-இல் ஜோசஃப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் மிகவும் ஏற்றது என்று எழுதினார். ஆங்கிலத்தில் தேய்ப்பதைக் குறிக்கும் ‘ரப்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர், பொருளுக்கே நிலைத்துவிட்டது.

கந்தகத்தைச் சேர்த்ததும் ரப்பர் ஏன் உறுதியாகிறது? வகுப்பில் எப்படிச் சொல்வது? — தஞ்சாவூர் ஆசிரியர்

வகுப்புக்கு ஒரு கைப்பிடி நூல்துண்டுகளைக் கொண்டுபோங்கள். கந்தகம் சேராத பச்சை ரப்பர் என்பது தனித்தனி நீள இழைகளின் குவியல். இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1823-இல் மக்கின்டாஷ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற மழைக்கோட்டுத் துணியிலும் இந்தக் குறை இருந்தது. ரப்பரை நாஃப்தா என்ற கரைப்பானில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசியதற்குக் காரணமே அந்தப் பிசுபிசுப்புதான். இனி உங்கள் நூல்களை அங்கங்கே முடிச்சுப் போடுங்கள். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். அந்த முடிச்சுதான் கந்தகம்.

1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகமும் வெள்ளை ஈயமும் சேர்த்துச் சூடாக்கியபோது அது உருகாமல் தோல் போல் ஆனதைக் கண்டார். 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக், குட்இயரின் மாதிரித் துண்டுகளைப் பார்த்து அந்த வழியைத் தாமும் கண்டடைந்து, 1843-இலேயே விண்ணப்பித்துவிட்டார்.

முடிச்சுகளின் எண்ணிக்கையை மாற்றினால் பொருளே மாறும் என்பதையும் சொல்லுங்கள். 100 பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் என்றால் டயர். 30 பங்குக்கு மேல் போனால் எபோனைட் என்ற கடினப் பொருள். கந்தகம் மட்டும் 8 பங்கு போட்டு 140 டிகிரியில் வேகவைத்தால் 5 மணி நேரம் ஆகும். 1906-இல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலின் வகைப் பொருள்களைச் சேர்த்து இந்த நேரத்தை வெகுவாகக் குறைத்தார். அதன்பின் வந்த, வேக்காட்டை இப்படி விரைவாக்கும் முடுக்கிகளால் அதே வேலை நிமிடக் கணக்கில் முடிகிறது.

தாயகமான அமேசான் பகுதியில் ஏன் பெரிய தோட்டங்கள் இல்லை? — நாகர்கோவில் வாசகர்

இலைக்கருகல் நோய். காட்டில் ஏக்கருக்கு ஓரிரு மரம்தான் நிற்கும், பூஞ்சை மரத்துக்கு மரம் தாவ முடியாது. வரிசை வரிசையாக நெருக்கி நட்டால் இளம் இலைகளில் புகுந்து, தளிரெல்லாம் உதிர்ந்து, திரும்பத் திரும்பத் துளிர்த்தே மரம் செத்துவிடும். கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு 1928-இல் அதே தபாஜோஸ் கரையில் தொடங்கிய ஃபோர்ட்லாந்தியா தோட்டமும், 1934-இல் தொடங்கிய பெல்டெராவும் இதில்தான் வீழ்ந்தன. 1945-இல் இரண்டையும் பிரேசில் அரசுக்கே விற்றார்கள். ஆசியாவுக்கு விதையாக வந்து, கியூவில் முளைத்து, புது நாற்றுகளாகப் பயணம் செய்ததால் நோய் கூட வரவில்லை. தென் அமெரிக்கா போய்வருகிறவர்கள் ஆசைக்குக்கூட அங்கிருந்து ரப்பர் இலையோ குச்சியோ எடுத்து வராதீர்கள்.

செயற்கை ரப்பர் போரினால் பிறந்தது என்கிறார்கள். எதிலிருந்து, எப்படிச் செய்தார்கள்? — கோவை வேதியியல் மாணவி

போரால் பிறக்கவில்லை, போரால் வளர்ந்தது. ரப்பரைக் காய்ச்சி வடித்து 1860-இல் கிரெவில் வில்லியம்ஸ், ரப்பர் இழையின் அடிப்படை மூலக்கூறான ஐசோபிரீனைப் பிரித்தார். அதைத் திரும்ப ரப்பராகக் கோக்க முடியுமா என்பதே அடுத்த அரை நூற்றாண்டுக் கேள்வி. 1909-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃப்ரிட்ஸ் ஹோஃப்மான் வழி கண்டு காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அங்கே மெதில் ரப்பர் என்ற செயற்கை ரப்பரைச் செய்தார்கள். கோப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, தரமும் மட்டம். போர் முடிந்ததும் ஆலை நின்றது. இரண்டாவது முயற்சிக்கு பியூட்டாடையீன் என்ற எளிய மூலக்கூறைப் பிடித்தார்கள். சோவியத்தில் லெபதேவ் முறைப்படி எரிசாராயத்திலிருந்து அதை எடுத்து, 1932-இல் யாரோஸ்லாவில் ஆலை தொடங்கியது. ஜெர்மானியர் கரியையும் சுண்ணாம்பையும் கார்பைடாக்கி, அதிலிருந்து அசிட்டிலீன் வழியாக பியூட்டாடையீனுக்கு வந்தார்கள். அதோடு ஸ்டைரீனைச் சேர்த்ததுதான் பூனா-எஸ் என்ற செயற்கை ரப்பர்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தபோது, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் நின்றுபோனது. அங்கிருந்த போட்டி நிறுவனங்கள் காப்புரிமைகளைப் பொதுவில் வைத்து, எல்லா ஆலைகளுக்கும் ஒரே செய்முறையை ஏற்றுக்கொண்டன. நீங்கள் வேதியியல் படிப்பதால் அதை அப்படியே தருகிறோம். எடைக் கணக்கில்: பியூட்டாடையீன் 75, ஸ்டைரீன் 25, தண்ணீர் 180, சோப்பு 5, டோடெசில் மெர்காப்டான் 0.5, பொட்டாசியம் பெர்சல்ஃபேட் 0.3. வெப்பம் 50 டிகிரி. ஏறக்குறைய முக்கால் பங்கு கோத்து முடிந்ததும் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சோப்பு எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் பிரித்து நிறுத்துகிறது, இழைகள் அதன் நுண்திரள்களுக்குள் வளர்கின்றன. பெர்சல்ஃபேட் வினையைத் தொடங்கிவைக்கிறது. அந்த அரைப் பங்கு மெர்காப்டான்தான் எங்கள் பார்வையில் இதன் உயிர்நாடி. இழை மிக நீண்டுவிடாமல் அது வெட்டிவிடுகிறது. அது இல்லாவிட்டால் வரும் ரப்பர், கலவை இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே மசியவே மசியாது. முக்காலில் நிறுத்துவதும் இதற்காகத்தான். கடைசிவரை போனால் இழைகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து களியாகிவிடும். கடைசியில் உப்பும் ஆசிட்டும் ஊற்றிப் பாலை உறையவைக்கிறார்கள். குலசேகரத்து டிஷ்ஷில் நடப்பதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். 1941-இல் அமெரிக்கா செய்த பொதுப் பயன்பாட்டுச் செயற்கை ரப்பர் 231 டன். 1945-இல் மாதத்துக்கே 70,000 டன்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனி அவுஷ்விட்ஸ் முகாமை அடுத்த மோனோவிட்ஸில் பூனா ஆலை கட்டக் கைதிகளை வேலை வாங்கியது. ஆயிரக்கணக்கானோர் அங்கே மாண்டனர். அந்த ஆலையிலிருந்து ஒரு கிலோ ரப்பர்கூட வரவில்லை. அதே ஆண்டுகளில், பால் வாங்க ஆளில்லாமல் முடங்கிய மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியர் பர்மா–சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். பெருந்தொகையானோர் திரும்பவில்லை.

இந்தியாவில் 1963-இல் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் செயற்கை ரப்பர் ஆலை தொடங்கியது. கரும்பாலைக் கழிவுப்பாகின் எரிசாராயமே அதன் மூலப்பொருளாக இருந்தது.

இலங்கை சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கியதாக எங்கள் தாத்தா சொல்வார். அது எப்போது? — கேகாலை வாசகர்

1952 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம். ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் 50,000 டன் இறப்பருக்கு 2,70,000 டன் அரிசி. இதன் பின்னணியில் செயற்கை ரப்பர் இருக்கிறது. கொரியப் போரில் உச்சத்துக்குப் போன இறப்பர் விலை, அமெரிக்கா தன் செயற்கை ஆலைகளை முழுவீச்சில் ஓட்டியதும் சரிந்தது. அதே நேரம் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு இறப்பர் வாங்கச் சீனா முன்வந்தது. அமெரிக்கா எதிர்த்து, உதவியை நிறுத்தியும், கொழும்பு பின்வாங்கவில்லை. உங்கள் தாத்தா சொன்னது முழுக்கச் சரி.

லாரி டயரில் இயற்கை ரப்பர்தான் நல்லது என்கிறார்கள், டியூப் மட்டும் பியூட்டைல். ஏன் இந்த வேறுபாடு? தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டி ரீட்ரெட் செய்தால் இரண்டு மாதத்தில் பட்டை பட்டையாக உரிகிறதே? — நாமக்கல் லாரி உரிமையாளர்

டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் வீணாகும் ஆற்றல் சூடாகிறது. இயற்கை ரப்பரில் இந்த வீணடிப்பு குறைவு. இழுக்கும்போது அதன் ஒழுங்கான இழைகள் பளிங்கு போல அடுக்கிக்கொள்வதால், விழுந்த கீறலும் எளிதில் நீளாது. பாரம் தாங்கும் தடித்த லாரி டயருக்கு இந்த இரண்டும் உயிர். விமான டயர்களிலும் இயற்கை ரப்பரே முதன்மையாக இருப்பது இதனால்தான். கார் டயரின் பட்டனுக்கு, அதாவது சாலையில் படும் மேற்பட்டைக்கு, ஸ்டைரீன்–பியூட்டாடையீன் ரப்பர் பொருத்தம். ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும். மெல்லிய டயர் என்பதால் சூடும் எளிதில் வெளியேறிவிடும். டியூபுக்கு வேண்டியது காற்றை விடாமல் பிடிப்பது. 1937-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டைல் ரப்பர் வழியாகக் கசியும் காற்று, இயற்கை ரப்பரில் கசிவதில் எட்டில் ஒரு பங்கு அளவுதான்.

உரிந்த பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வழவழவென்று மினுமினுத்தால் அது ஒருபோதும் ஒட்டவே இல்லை. புதுப் பட்டை ஒட்ட உரசிய டயரை உடனே சொல்யூஷன் என்ற ரப்பர் பசை பூசாமல் இரவு முழுக்கத் தூசியில் போட்டிருப்பார்கள், அல்லது சொல்யூஷன் காயும் முன் குஷன் கம் என்ற இடை ஒட்டு ரப்பரை ஒட்டியிருப்பார்கள், அல்லது அந்தக் குஷன் கம் பழையது. பஞ்சு போலச் சிறு துளைகள் இருந்தால் டயருக்குள் ஈரம் இருந்திருக்கிறது, அல்லது வேக்காடு போதவில்லை. இரண்டு பக்கமும் சொரசொரப்பாகக் கிழிந்த ரப்பர் தெரிந்தால், ஒட்டு நன்றாகவே இருந்தது, ரப்பரே கிழிந்திருக்கிறது. அதற்குக் காரணம் கூடுதல் பாரம் அல்லது காற்றுக் குறைவு. கடையில் குறை சொல்ல முடியாது. வேக்காடு கூடினாலும் கேடுதான். அளவு மீறிய சூட்டில் இயற்கை ரப்பரின் கந்தக முடிச்சுகள் அவிழ்ந்து, பட்டன் மறுபடி மென்மையாகி வேகமாகத் தேயும். அடுத்த டயரைக் கொடுக்கும் முன் இந்த மூன்றில் உங்களுடையது எது என்று பார்த்து, துண்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.